மூடுவதற்கென்றே திறந்த கம்பெனி!

உங்கள் பெண் ஒரு நாள் மாலை பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக, "அம்மா, நான் ஒரு கம்பெனிக்குப் பொக்கிஷதார். நீ ஒரு பங்கு வாங்கிக்கொள்ளேன்" என்றால் என்ன செய்வீர்கள்? "முதலில் கணக்கிலே மார்க் வாங்கு!" என்று விரட்டிவிடுவீர்கள், இல்லையா?

அமெரிக்காவில் எத்தனையோ தாய்மார்கள் கைப்பையைத் திறந்து பணம் கொடுத்திருக்கிறார்கள். 1919-ல் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் 'ஜூனியர் அச்சீவ்மென்ட்' என்ற அமைப்பு தோன்றியது. காகித ஆலை அதிபர் ஹொரேஸ் மோசஸ், டெலிபோன் துறையில் பேரெடுத்த தியோடர் வேல், செனட்டர் மர்ரே கிரேன் ஆகிய மூவரும் அதற்கு மூலபுருஷர்கள். நாளடைவில் அது உயர்நிலைப் பள்ளி மாணவ மாணவிகளின் குட்டிக் கம்பெனிகளாக வளர்ந்தது.

குட்டிக் கம்பெனி என்றாலும் பொம்மைக் கம்பெனி அல்ல! தலைவர், காரியதரிசி, பொக்கிஷதார் எல்லாரையும் பிள்ளைகளே தேர்ந்தெடுப்பார்கள். உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் சொற்ப விலைக்குப் பங்கு விற்று முதல் திரட்டுவார்கள். சாமான் வாங்கி, பண்டம் செய்து, வீடு வீடாகப் போய் விற்பார்கள். தங்களுக்குச் சிறு சம்பளமும் உண்டு. உள்ளூர்க் கம்பெனிகளைச் சேர்ந்த பெரியவர்கள் யோசனை சொல்வார்கள். பேனாவைப் பிடுங்கித் தாங்களே கணக்கு எழுதக் கூடாது. (நம் வீட்டில் இது நடக்கிற காரியமா!)

நம் நாட்டிலும் 2021-ல் டில்லி அரசுப் பள்ளிகளில் இதைப் போன்ற திட்டம் ஒன்று ஆரம்பமாயிற்று. 11, 12-ஆம் வகுப்பு மாணவர்கள் சிறு வியாபாரம் தொடங்கத் தலைக்கு 2,000 ரூபாய் முதல் தரப்பட்டது. கொடுத்தது அரசாங்கம். கையில் காசில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பெரிய உபகாரம்தான். ஆனாலும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, "எங்களை நம்பிப் பணம் போடுங்கள்" என்று கேட்கும்போது தொண்டை வறண்டு போகுமே, அந்த அநுபவத்துக்கு ஈடு ஏது?

அமெரிக்கக் கம்பெனியில் இன்னொரு விசேஷம், பள்ளி ஆண்டு முடிந்ததும் அதை மூடிவிட வேண்டும். வியாபாரம் அமோகமாக நடந்தாலும் சரிதான்! கடன்களைத் தீர்த்து, மிச்சத்தைப் பங்குக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். லாபம் வந்திருந்தால் போட்ட பணத்தோடு கொஞ்சம் கூடவே கிடைக்கும். எல்லார் முகத்திலும் சிரிப்பு. நஷ்டமென்றால், குறைந்த பணத்தோடு பழைய வாசற்படியில் மறுபடியும் ஏறி, கணக்கைக் காட்டி, எங்கே தவறினோம் என்று சொல்ல வேண்டும். அதுவும் பொக்கிஷதாரின் வேலைதான்.