பழைய ஒலியேற்பியும் அதன் மீட்சியும்

மனிதன் ஆக்கும் கருவிகளுட் சில தேய்ந்து அழிகின்றன. சில தேயுமுன்னரே மறக்கப்பட்டு அழிகின்றன. 1970 ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் அமெரிக்க இல்லங்களின் முன்னறைகளை அணிசெய்த ‘ஸ்டீரியோ ரிசீவர்’ என்னும் ஒலியேற்பி இரண்டாம் வகையைச் சார்ந்தது. அதன் உறுப்புகளிற் பெரும்பாலன உரம் குன்றாதிருக்கவும், இசை கேட்கும் வழக்கம் வேறு வழியிற் சென்றமையால் அது பரணுக்கும் நிலவறைக்கும் அனுப்பப்பட்டது. அவ்வாறு கிடந்தவற்றைத் தேடி வாங்கி மீண்டும் ஒலிக்கச் செய்யும் முயற்சி இந்நாளிற் பல நாடுகளிலும் பரவியுள்ளது. இதனைப் பழமையின்மேற் கொண்ட வெறும் விருப்பம் எனத் தள்ளிவிடல் பொருந்தாது. முறையறிந்து செய்யின் இஃது ஒரு கல்வி; முறையறியாது செய்யின் கருவிக்கும் கேடு, செய்வோன் உயிருக்கும் கேடு.

ஒலியேற்பி என்பது மூன்று கருவிகளை ஒரு பெட்டியுள் அடக்கியது. வானலைகளுள் வேண்டிய நிலையத்தைத் தெரிந்தெடுக்கும் பகுதி ஒன்று. இசைத்தட்டிலிருந்தும் நாடாவிலிருந்தும் வரும் நலிந்த மின்குறிகளைத் திருத்தி ஒழுங்கு செய்யும் முன் விரியலாக்கி மற்றொன்று. அவற்றை ஒலிபெருக்கியை இயக்கத்தக்க வலுவுடையனவாக்கும் வலு விரியலாக்கி மூன்றாவது. அமெரிக்காவில் 1961 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் பண்பலையில் ஸ்டீரியோ ஒலிபரப்புத் தொடங்கியமை இக்கருவியின் வளர்ச்சிக்குப் பெருந்துணையாயிற்று. அவ்வொலிபரப்பில் இடம், வலம் ஆகிய இரு குறிகளும் தனித்தனியே அனுப்பப்படுவதில்லை. இரண்டின் கூட்டுத்தொகை முதன்மைக் குறியாகவும், இரண்டின் வேறுபாடு 38 கிலோஹேர்ட்ஸ் துணையலையின்மீதும் செல்கின்றன. 19 கிலோஹேர்ட்ஸ் அளவினதாகிய வழிகாட்டிக் குறியொன்று உடன்செல்லும். ஏற்பி அவ்வழிகாட்டியைக் கொண்டு துணையலையை மீள ஆக்கிக் கூட்டலும் கழித்தலும் செய்து, இடத்தையும் வலத்தையும் வேறு பிரிக்கின்றது. பழைய ஒற்றையொலி வானொலியோ கூட்டுத்தொகையை மட்டும் ஏற்று, இசையைக் குறையின்றி ஒலிக்கும். புதியது வந்தபோது பழையதைக் கைவிடாத இவ்வேற்பாடு வியத்தற்குரியது.

இவ்வினத்துக்கு எடுத்துக்காட்டாக 1971 ஆம் ஆண்டில் வெளிவந்த மராண்ட்ஸ் 2270 என்னும் கருவியைக் கொள்ளலாம். நியூயோர்க்கில் சோல் மராண்ட்ஸ் என்பவர் தொடங்கிய நிறுவனம் 1964 ஆம் ஆண்டில் சுப்பர்ஸ்கோப் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதன்பின் வெளிவந்தது இக்கருவி. பெயரின் இறுதி இரண்டு இலக்கங்களும் ஒவ்வொரு பக்கத்துக்குமுரிய வலுவை உவாற்றிற் குறிக்கும். நிலையம் தேடுவதற்கு முன்தகட்டில் விளிம்பு மட்டும் தோன்றுமாறு ஒரு சில்லுக் கிடையாகப் பொருத்தப்பட்டுள்ளது. அதனை விரலால் ஒருமுறை தள்ளினால் நீலவொளி பரந்த அளவுத்தகட்டில் ஊசி வழுக்கிச் செல்லும்.

பின்னர் யப்பானிய நிறுவனங்களிடையே வலுப்போட்டி மூண்டது. 1976 ஆம் ஆண்டில் வந்த பயனியர் எஸ்எக்ஸ் 1250 பக்கத்துக்கு 160 உவாற்றும், 1978 ஆம் ஆண்டில் வந்த எஸ்எக்ஸ் 1980 பக்கத்துக்கு 270 உவாற்றும் தருவனவாக அறிவிக்கப்பட்டன. வலு இரட்டித்தால் ஒலி மட்டம் உயர்வது மூன்று தெசிபெல் மட்டுமே. செவிக்கு அஃது ஒரு சிறிய ஏற்றமாகவே தோன்றும். எனினும் இவ்வெண்கள் வெற்றுப் பெருமையல்ல. முன்னர் கணநேர உச்ச வலுவைக் கூறி வாங்குவோரை மயக்கும் வழக்கம் இருந்தது. 1974 ஆம் ஆண்டில் அமெரிக்க மத்திய வணிக ஆணைக்குழுவின் விதி நடைமுறைக்கு வந்து அவ்வழக்கத்தைத் தடுத்தது. இடையறாது தரத்தக்க வலு, எவ்வளவு தடையில், எவ்வளவு திரிபுடன் என்பன வெளிப்படையாகக் கூறப்படல் வேண்டும் என அவ்விதி வகுத்தது. அளக்குமுன் மூன்றிலொரு பங்கு வலுவில் ஒரு மணிநேரம் இயக்கவும் வேண்டியிருந்தது. அச்சோதனையில் எழும் வெப்பத்தைத் தாங்கப் பெரிய நிலைமாற்றியும் அகன்ற வெப்பத்தகடுகளும் இன்றியமையாதனவாயின. அக்காலக் கருவிகளின் பாரத்துக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

வாங்குவோன் முதலில் அறியவேண்டியது, எவை மீண்டும் கிடைக்கும், எவை கிடைக்கா என்னும் வேறுபாடேயாகும். தடையி, கொள்ளளவி, மின்குமிழ் முதலியன இன்றும் கடையிற் கிடைக்கும். முன்தகடு, அளவுக்கண்ணாடி, திருகுகள், மின்வழங்கும் நிலைமாற்றி என்பன அக்கருவிக்கென்றே ஆக்கப்பட்டவை. வேறொரு பழைய கருவியைக் குலைத்தாலன்றிக் கிடைத்தல் அரிது. ஆகவே, இசைக்காவிடினும் உடல் முழுமையாகவுள்ள கருவி, அரைகுறையாக இசைத்தும் உடல் சிதைந்த கருவியிலும் மேலானது. உள்ளே பிறர் கைபட்டமைக்குக் கருகிய பற்றாசும் வெட்டிய கம்பிகளும் சான்றாகும். முன்னைய உடையவரிடத்தே கழிந்த காலத்தையும், கருவி கிடந்த இடத்தின் ஈரத்தையும் விசாரித்தறிதல் நன்று.

நாட்டு வேறுபாடும் கருதத்தக்கது. அமெரிக்காவுக்கென ஆக்கப்பட்ட கருவி 120 உவோற்று மின்வழங்கலை வேண்டும். இலங்கையின் 230 உவோற்றில் அதனை நேரே இணைத்தால் நிலைமாற்றி கருகும். அழுத்தத்தைக் குறைக்கும் வேறொரு நிலைமாற்றி வேண்டும். கருவியின் பின்புறத்தில் அழுத்தத் தெரிவு ஆளி உளதாயின் அதனை முதலில் மாற்றியமைத்தல் வேண்டும். யப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென அக்காலத்தில் ஆக்கப்பட்டவையோ 100 உவோற்றுக்குரியன. அவற்றின் பண்பலைப் பகுதி 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையுமே செல்லும். 88 முதல் 108 வரை ஒலிபரப்பும் நாட்டில் அவற்றின் அளவுத்தகடு பெரும்பாலும் ஊமையாகவே இருக்கும்.

இத்தகைய கருவி முதுமையெய்துவது ஏன்? இதற்கு முதற்காரணம் மின்பகு கொள்ளளவி. இரண்டு அலுமினியத் தாள்களுக்கிடையே மின்பகு நீரில் ஊறிய காகிதத்தை வைத்துச் சுருட்டி, இறப்பர் அடைப்பால் மூடியது அது. ஒரு தாளின்மேற் படிந்துள்ள மெல்லிய ஒட்சைட்டுப் படலமே மின்காப்பாகும். ஆண்டுகள் செல்ல அடைப்பின் வழியே நீர் ஆவியாகும், உட்டடை உயரும், கொள்ளளவு குறையும். நெடுங்காலம் மின்னின்றிக் கிடப்பின் படலமும் நலியும். அந்நிலையில் முழு அழுத்தத்தையும் ஒருங்கே செலுத்தினால் அது கசிந்து சூடேறி வெடித்தலும் கூடும். உறுப்புகளை நிலைநிறுத்த அக்காலத்திற் பூசப்பட்ட பசை வகைகளுள் ஒன்றும் பழுப்பேறி, ஈரமுறிஞ்சி, மின்கடத்தியாகிக் கம்பிக் கால்களை அரித்துவிடும். இவற்றோடு ஆளிகளின் தொடுகைகளிற் களிம்பேறும். தேடுசில்லின் நெய் இறுகும். அளவுத்தகட்டின் குமிழ்கள் எரிந்தவிந்து, அவற்றின் முன்னுள்ள நீலத்தாளும் வெப்பத்தால் நிறம் மங்கும்.

ஆதலின், வாங்கிய அன்றே மின்னிணைத்துப் பார்க்கும் ஆவலை அடக்குதல் மீட்சியின் முதற்படி. முதல் இயக்கத்தின்போது பழைய இழைமின்குமிழ் ஒன்றைக் கருவியோடு தொடராக இணைப்பர். உள்ளே குறுக்குச்சுற்று இருப்பின் குமிழ் முழு ஒளியோடு எரிந்து, மின்னோட்டத்தைத் தானே தாங்கிக்கொள்ளும். கருவி நலமாயின் குமிழ் ஒருகணம் ஒளிர்ந்து மங்கும். அவ்வேளையில் ஒலிபெருக்கிகளை இணைத்தலாகாது. மின்னை நிறுத்திய பின்னரும் பெரிய கொள்ளளவிகள் மின்னேற்றத்தை விடாது வைத்திருக்கும். 70 உவாற்று வலுவுள்ள கருவியில் அவ்வழுத்தம் ஏறக்குறைய 70 உவோற்றாகவும் அதற்கு மேலாகவும் நிற்கக்கூடும். தகுந்த தடையியின் வழியே அதனை வெளியேற்றி, பல்மானியால் அளந்து உறுதிசெய்த பின்னரே கைவைத்தல் வேண்டும். திருகாணிமுடுக்கியாற் குறுக்கே தொட்டுப் பொறிபறக்க விடுதல் அறியாமையாம்.

அடுத்தது அளத்தல். ஒலிபெருக்கி இணையும் முனைகளில் நேரோட்ட அழுத்தம் பூச்சியத்தை அண்டி நிற்றல் வேண்டும். 50 மில்லிஉவோற்றுக்குட்பட்டதைப் பொதுவாக ஏற்பர். வலுத்திரான்சிற்றர் குறுக்குற்று, காக்கும் ரிலேயும் பழுதாயின், நேரோட்டம் முழுவதும் ஒலிபெருக்கியின் சுருளிற் பாய்ந்து அதனை எரித்துவிடும். ஓய்வுநிலை மின்னோட்டத்தையும், கருவி சூடேறிய பின்னர், ஆக்கியோரின் பழுதுபார்ப்பு நூல் குறித்த அளவுக்கு அமைத்தல் வேண்டும். அது குறைந்தால் மெல்லிய இசையிற் கரகரப்புத் தோன்றும். மிகுந்தால் திரான்சிற்றர் வெந்தழியும். அந்நூலைப் பெறாது கருவியைத் திறப்பவன் வரைபடமின்றிக் கடலிற் செல்பவனை ஒப்பான்.

இனி, எவ்வளவு புதுக்குவது என்பதே இத்துறையினர் தம்முள் மாறுபடும் வினாவாகும். அனைத்துக் கொள்ளளவிகளையும் திரான்சிற்றர்களையும் ஒருங்கே மாற்றிவிடல் நன்று என்பர் ஒருசாரார். முதுமை ஒருமித்து வருவதால், ஒன்று பழுதானவிடத்து ஏனையவும் விரைவிற் பழுதாகும் என்பது அவர் கருத்து. கொள்ளளவிகளைப் பொறுத்தவரை இதில் உண்மையுண்டு. ஆனால் நூறு உறுப்புகளை ஒரே நாளில் மாற்றியவன் புதிய குறையொன்று தோன்றின், அது பழைய நோயா, தன் கை செய்த பிழையா என அறியமாட்டான். முனை மாறிப் பொருத்திய கொள்ளளவி வெடிக்கும். பழைய திரான்சிற்றரின் பெயரைத் தாங்கிய போலிகளும் சந்தையில் உலவுகின்றன. வடிகட்டும் கொள்ளளவியை மிகப் பெரிதாக்கினால் இயக்கும் கணத்தில் சீராக்கியின்மேற் பேரோட்டம் பாயும். நிலையம் தேடும் பகுதியின் சுருள்களைத் தக்க கருவியின்றித் திருப்பியவன், ஆலையிற் செய்யப்பட்ட ஒழுங்கை நிமிடத்தில் இழப்பான்.

எனவே பகுதி பகுதியாக மாற்றுதலும், ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் இயக்கி அளத்தலும், நலமாயுள்ளதைத் தொடாது விடுதலுமே தக்க நெறியாகும். ஏட்டுச்சுவடியைப் பெயர்த்தெழுதுவோனின் கடமை இதனோடு ஒப்பிடத்தக்கது. செல்லரித்த இடத்தை நிரப்புதல் அவன் பணி. தெளிவாகவுள்ள சொல்லைத் தன் விருப்புக்கேற்ப மாற்றுதல் அவன் பணியன்று. மாற்றுவானாயின் சுவடி பிழைக்கும், நூல் அழியும். அவ்வாறே ஆக்கியோன் கருதிய ஒலியை அறியுமுன் அதனினும் சிறந்ததைத் தருவேன் எனப் புகுபவன், பெட்டியைக் காத்துக் கருவியை இழக்கின்றான்.

நன்கு பயின்ற பழுதுபார்ப்போர் பணியை முடித்து மேல்மூடியைப் பூட்டுமுன் ஒரு சிறு தாளை உள்ளே வைப்பதுண்டு. எந்நாளில் எவ்வுறுப்பு மாற்றப்பட்டது, எவ்வளவுகள் பெறப்பட்டன என்பன அதிற் குறிக்கப்பட்டிருக்கும். தாம் செய்ததே இறுதியன்று என்பதை அவர்கள் அறிவர். இன்னும் இருபது முப்பது ஆண்டுகளில், புதிதாக இட்ட கொள்ளளவிகளும் வறண்டபோது, வேறொருவன் அம்மூடியைத் திறப்பான். அவனுக்கு ஊகத்தை விடாது உண்மையை விட்டுச்செல்லுதலே மீட்சிப்பணியின் நிறைவாகும்.