வீச்சுக்கேற்ற கோல்

பெரியகுளத்தில் நின்று வடக்கே நிமிர்ந்து நோக்கினால் கொடைக்கானல் மலை தெரியும். அம்மலைமேல் 1895ஆம் ஆண்டு முதல் கோல்ஃப் கழகம் ஒன்று இயங்கி வருகிறது. அவ்விளையாட்டில் பந்தை நெடுந்தொலைவு செலுத்த உதவும் கோலுக்கு ‘டிரைவர்’ என்று பெயர். பேருந்து ஓட்டுநரை எண்ணிவிட வேண்டா! அக்கோலின் தலை முற்காலத்தில் மரத்தாலானது. இக்காலத்தில் பெரும்பாலும் டைட்டானியத்தாலானது.

அதனைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம்? மூன்று செய்திகளைக் கருத வேண்டும்.

முதலாவது, கோல்முகத்தின் சாய்வு. அது பெரும்பாலும் 8 முதல் 13 பாகை வரை அமையும். மெல்ல வீசுபவருக்குச் சாய்வு மிகுதியாக வேண்டும். இன்றேல் பந்து போதிய உயரம் எழாமல் விரைவில் தரையில் விழும். விரைந்து வீசுபவருக்குக் குறைந்த சாய்வே போதும்.

இரண்டாவது, தண்டின் விறைப்பு. மெல்ல வீசுபவருக்கு வளைந்து கொடுக்கும் தண்டும், விரைந்து வீசுபவருக்கு விறைப்பான தண்டும் பொருந்தும்.

மூன்றாவது, நீளம். விதிகள் 48 அங்குலம் வரை இடந்தருகின்றன. ஆயினும் நீளம் கூடக்கூட, பந்தைக் கோல்முகத்தின் நடுவில் அடிப்பது அரிதாகும். நடுவில் படாத அடி வேகமாயினும் தொலைவை இழக்கும்.

வெற்றி வீரரின் கோலை வாங்கிவிட்டால் அவருடைய வீச்சு நமக்கு வந்துவிடாது. பெற்றோரின் பொருள்தான் வீணாகும். ஆதலால் விலையைக் கேட்குமுன் பத்துப் பந்துகளை அடித்து, அவை விழும் இடத்தை நோக்குக. மண்வெட்டிக்குப் பிடி போடும் நம் பள்ளத்தாக்கு உழவர் தம் உயரத்தையே அளவாகக் கொள்கிறார். அண்டை வீட்டாரின் உயரத்தை அன்று.