இளையோர் பேரிடர் உதவிப் பயிற்சி

இளையோர் பேரிடர் உதவிப் பயிற்சி என்பது, வெள்ளம், நிலச்சரிவு, தீ முதலிய பேரிடர்களின்போது மீட்புப் படையினர் வந்து சேரும்வரை தம்மையும் தம் ஊராரையும் காக்கும் முறைகளைப் பதின்ம வயதினருக்குக் கற்பிக்கும் செயல்முறைப் பயிற்சி ஆகும்.

தேவை

பேரிடரின் முதல் சில மணி நேரங்களில் உதவிக்கு வருவோர் பெரும்பாலும் அண்டை வீட்டாரே. எனினும் பயிற்சியின்றி உதவுதல் ஆபத்தானது. 1985 இல் மெக்சிக்கோ நகர நிலநடுக்கத்தின்போது தன்னார்வலர்கள் சுமார் 800 பேரை மீட்டனர். அம்முயற்சியில் ஏறத்தாழ 100 தன்னார்வலர்கள் உயிரிழந்தனர். அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்புத் துறை பொதுமக்களுக்கான பயிற்சியை வடிவமைத்தது. பின்னர் அதிலிருந்து பதின்ம வயதினருக்கான பயிற்சியும் உருவானது.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானை ஆழிப்பேரலை தாக்கியபோது, கமைசி நகரின் நடுநிலைப்பள்ளி மாணவர்கள் தாம் பயின்றபடியே மேட்டு நிலத்தை நோக்கி ஓடினர். தொடக்கப்பள்ளிச் சிறுவர்களும் அவர்களைப் பின்தொடர்ந்து தப்பினர்.

இந்தியாவில்

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005 இல் இயற்றப்பட்டது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016 இல் தொடங்கிய ஆப்த மித்ரா திட்டம் 18 முதல் 40 வயது வரையுள்ளோருக்கு உரியது. இதன் தொடர்ச்சியான யுவ ஆப்த மித்ரா திட்டம், தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், சாரணர் இயக்கம் ஆகியவற்றைச் சேர்ந்த இளையோருக்குப் பயிற்சி அளிக்கிறது.

ஜவ்வாது மலையும் பயிற்சியும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான ஜவ்வாது மலையில் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. மருத்துவ ஊர்தி செல்ல இயலாத இடங்களில் நோயாளியை டோலி கட்டித் தூக்கிவர நேர்கிறது. இத்தகைய பகுதிகளில் பின்வருவனவற்றை அறிந்திருத்தல் இன்றியமையாதது:

* நிலச்சரிவு: நிலத்தில் புதிய விரிசல், மரங்கள் சாய்தல், ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல் ஆகியவை முன்னறிகுறிகள். மண் சரியும் பாதையிலிருந்து பக்கவாட்டில் விலக வேண்டும்.
* காட்டுத்தீ: தீ சரிவில் மேல்நோக்கி விரைந்து பரவும். ஆகவே தீக்கு மேற்புறமாக ஓடுதல் கூடாது.
* பாம்புக்கடி: கடிவாயைக் கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் ஆகியவை தவறு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.
* தகவல்: மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077, மருத்துவ ஊர்தி 108.

வரம்புகள்

பெருக்கெடுத்த ஓடையில் இறங்குவதும் தீயை எதிர்கொள்வதும் சிறுவர்களின் பணியல்ல. எச்சரித்தல், முதியோரையும் குழந்தைகளையும் முன்கூட்டியே வெளியேற்றுதல், முதலுதவி, தகவல் தெரிவித்தல் ஆகியவையே அவர்களுக்குரிய பணிகள். ஓரிடத்திற்குள் எப்போது நுழையக்கூடாது என்பதை அறிவதும் இப்பயிற்சியின் முதன்மையான பாடங்களுள் ஒன்றாகும்.

இவற்றையும் பார்க்க

* முதலுதவி
* நிலச்சரிவு
* ஜவ்வாது மலை