ஒத்தக் கையால் தடதட டைப்பிங்!
காசு செலவில்லாமல் கற்கலாம். கீபோர்டைக் காப்பது எப்படி?

ராதாபுரம்-

கம்ப்யூட்டரில் டைப் அடிக்க இரண்டு கை வேண்டும் என்று யார் சொன்னது?

ஒரு கை போதும். அந்த ஒரு கையில் விரல்கள் இல்லாதவர்கூட அடித்துக் காட்டி இருக்கிறார்.

விபத்தில் கை போனவர்கள், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து விட்டவர்கள், சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதத்தால் கை சூம்பியவர்கள்... இவர்கள் இல்லாத ஊர் கிடையாது.

"ஒத்தக் கைய வச்சிக்கிட்டு நீ என்னலே டைப் அடிக்கப் போற? வேற சோலி இருந்தாப் பாரு" என்று சொந்தக்காரர்களே சொல்லி விடுகிறார்கள். பையனும் நம்பி விடுகிறான்.

வேறு சோலி என்ன இருக்கிறது? பீடி சுற்ற இரண்டு கை வேண்டும். பனை ஏற இரண்டு கை வேண்டும். ராதாபுரத்தைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளில் ஏணி பிடித்து ஏறவும் இரண்டு கை வேண்டும்.

ராதாபுரம் தாலுகா தலைநகரம். பட்டா மாறுதல், வருமானச் சான்று, சாதிச் சான்று, வாரிசுச் சான்று எல்லாமே இப்போது கம்ப்யூட்டர் வழியாகத்தான். மனு அடிக்கும் கடையும், இ-சேவை மையமும் இல்லாமல் ஒரு காரியம் நடக்காது. நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கும் வேலை. ஒத்தக் கைக்காரருக்கு இதைவிடத் தோதான பிழைப்பு எது?

எலும்பே விரல்!

கும்பகோணத்தில் பிறந்தவர் மாளவிகா ஐயர். ராஜஸ்தானில் உள்ள பிகானீரில் வளர்ந்தார். 2002-ம் ஆண்டு, அவருக்கு 13 வயது. கையெறி குண்டு என்று தெரியாமல் அவர் கையில் எடுத்தது வெடித்தது. இரண்டு கைகளும் போய் விட்டன.

அவர் படிப்பை விடவில்லை. சென்னைக்கு வந்து, தான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுத, 10-ம் வகுப்பு பரீட்சையில் பாஸ் ஆனார். பிறகு டாக்டர் பட்டமும் வாங்கினார். அதற்கான ஆராய்ச்சிக் கட்டுரையை டைப் அடித்தது எதைக் கொண்டு தெரியுமா? கை முனையில் நீட்டிக் கொண்டிருந்த ஒரு எலும்பைக் கொண்டு! அதுதான் தன் ஒரே விரல் என்று அவரே சொல்லி இருக்கிறார். 2018-ம் ஆண்டு மகளிர் தினத்தன்று ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த் கையால் பெண் சக்தி விருது பெற்றார்.

ஒரு எலும்பால் ஒரு புத்தகமே அடிக்கலாம் என்றால், ஐந்து விரலால் ஒரு மனு அடிக்க முடியாதா?

மௌசுடன் பிறந்தது

ஒத்தக் கை கீபோர்டு புதுச்சரக்கு அல்ல. 1968-ம் ஆண்டு டிசம்பர் 9-ந்தேதி அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற விஞ்ஞானி, மௌசை முதன்முதலாகக் கூட்டத்துக்கு முன் இயக்கிக் காட்டினார். அன்று அவருடைய வலது கையில் மௌஸ். இடது கையில் என்ன? ஐந்தே பொத்தான் உள்ள ஒரு கீபோர்டு!

ஐந்து பொத்தானில் இத்தனை எழுத்து எப்படி வரும்? ஆர்மோனியத்தில் இரண்டு மூன்று கட்டையைச் சேர்த்து அமுக்குவது போல, பொத்தான்களைச் சேர்த்து அமுக்க வேண்டும். ஐந்து பொத்தானில் 31 விதமாக அமுக்கலாம். இங்கிலீஷ் எழுத்து 26தானே! இடம் மிச்சம்.

மௌஸ் ஊரெல்லாம் பரவியது. பாவம், ஐந்து பொத்தான் கீபோர்டு பரவவில்லை. ஆனால் அதன் வாரிசுகள் இன்றும் இருக்கின்றன. உள்ளங்கையில் மாட்டிக் கொள்ளும் 'டுவிட்லர்' ஒன்று. ஒரு கைக்கென்றே குழிவாக வளைத்துச் செய்த இங்கிலாந்து நாட்டு 'மால்ட்ரான்' இன்னொன்று. கனடா நாட்டில் எட்கர் மத்தியாஸ் கண்டுபிடித்த பாதிக் கீபோர்டும் உண்டு. இதில் இடது பக்க எழுத்துகள் மட்டும் இருக்கும். இடைவெளிக் கட்டையை அமுக்கிக் கொண்டு அடித்தால் வலது பக்க எழுத்து கண்ணாடியில் தெரிவது போல இடம் மாறி வரும். 'எப்' அடித்தால் 'ஜே', 'டி' அடித்தால் 'கே'.

இவை வெளிநாட்டுச் சரக்கு. விலை அதிகம். வள்ளியூரிலோ, நாகர்கோவிலிலோ கடையில் தொங்காது. அதற்காக மனசு ஒடிந்து போக வேண்டாம்.

காசில்லாத வித்தை

வீட்டில், கடையில் இருக்கும் சாதாரண கீபோர்டே போதும். செய்ய வேண்டியது வருமாறு:-

கீபோர்டை உடம்புக்கு நேராக வைக்கக் கூடாது. வேலை செய்யும் கைக்கு நேராக நகர்த்தி வையுங்கள். இடது கை என்றால் இடப்பக்கம். வலது கை என்றால் வலப்பக்கம்.

விரல்கள் உட்கார வேண்டிய இடம் நடு வரிசையில் எப், ஜி, எச், ஜே. எப், ஜே இரண்டிலும் தடவினால் தெரியும்படி சின்ன மேடு இருக்கும். இடது கைக்காரர் சுண்டு விரலை 'எப்' மீதும், ஆள்காட்டி விரலை 'ஜே' மீதும் வைக்க வேண்டும். வலது கைக்காரருக்கு இது தலைகீழ். அடித்ததும் விரல் வீட்டுக்குத் திரும்பி விட வேண்டும்.

பெரிய தலைவலி ஷிப்ட் பொத்தான்தான். அதையும் அமுக்கி, இன்னொன்றையும் அமுக்க விரல் எட்டாது. அதற்கும் வழி இருக்கிறது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஷிப்ட் பொத்தானை ஐந்து தடவை தொடர்ந்து தட்டுங்கள். 'ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா?' என்று திரையில் கேட்கும். 'ஆமாம்' என்று சொல்லி விட்டால் தீர்ந்தது. அதன் பிறகு ஷிப்டைத் தட்டி விட்டுக் கையை எடுத்து, நிதானமாக எழுத்தைத் தட்டலாம். கன்ட்ரோல், ஆல்ட் பொத்தான்களும் அப்படியே அடங்கும்.

மௌசுக்கும் கீபோர்டுக்கும் கை மாறி மாறி ஓட வேண்டியதும் இல்லை. வலது ஓரத்தில் உள்ள நம்பர் பொத்தான்களாலேயே மௌஸ் அம்பை நகர்த்தும் வசதி உள்ளே இருக்கிறது. இங்கிலீஷ் மட்டும் அடிப்பவர்களுக்கு இடது கைக்குத் தனி, வலது கைக்குத் தனி என்று 'டிவோராக்' எழுத்து வரிசையும் விண்டோசிலேயே உண்டு. எல்லாம் இலவசம்.

தமிழ் கை கொடுக்கிறது

தமிழ் அடிக்க எது லேசு? 1999-ம் ஆண்டு தமிழக அரசு ஏற்றுக் கொண்ட 'தமிழ் 99' முறைதான். இதில் தமிழ் எழுத்து எதற்கும் ஷிப்ட் தேவையே இல்லை. ஸ, ஷ, ஜ, ஹ போன்ற வடமொழி எழுத்துகளுக்கு மட்டும்தான் ஷிப்ட். பழைய டைப்ரைட்டர் முறையிலும், இங்கிலீஷ் எழுத்தைத் தட்டித் தமிழ் கொண்டு வரும் முறையிலும் அடிக்கடி ஷிப்ட்டைத் தேட வேண்டும்.

'ராதாபுரம்' என்று அடிக்க 9 தட்டு. 'அம்மா' என்று அடிக்க நாலே தட்டு. அ, ம, ம, ஆ என்று தட்டினால் நடுவில் புள்ளி தானாக விழுந்து விடும். ஒத்தக் கைக்காரருக்குத் தட்டு குறைந்தால் வலி குறைந்த மாதிரி.

"செல்போனில் பேசினாலே எழுத்து விழுதே அண்ணாச்சி, இது எதுக்கு?" என்று கேட்கலாம். விழுகிறது, வாஸ்தவம்தான். ஆனால் சர்வே நம்பரையும், தாத்தா பெயரையும், இனிஷியலையும் தப்பில்லாமல் திருத்த விரல்தான் வேண்டும்.

செம்மண்ணும் உப்புக் காற்றும்

அடிக்கப் பழகியாச்சு. கீபோர்டைக் காக்க வேண்டாமா? இரண்டு கை உள்ளவருக்கு அது ஒரு சாமான். ஒத்தக் கைக்காரருக்கு அதுதான் இன்னொரு கை. விசேஷ கீபோர்டு கெட்டுப் போனால் மறுநாளே வேறு வாங்க முடியாது. அதுவரை பிழைப்பு நின்று விடும்.

நம்ம பக்கத்துக்கு இரண்டு எதிரிகள். ஒன்று ஆடிக்காற்றில் அள்ளி வரும் தேரிச் செம்மண். இன்னொன்று கடல் பக்கத்து உப்புக் காற்று. மண் பொத்தானை இறுக்கும். உப்பு உள்ளே உள்ள கம்பியை அரிக்கும்.

ராத்திரி கடை சாத்தும்போது கீபோர்டு மேல் ஒரு துணியைப் போர்த்துங்கள். வாரம் ஒரு தடவை ஒயரைக் கழற்றி, கவிழ்த்துத் தட்டி, பெயிண்ட் பிரஷ்ஷால் இடுக்கைத் தூசி தட்டுங்கள். துடைக்க லேசாக ஈரமான துணி போதும். தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஒத்தக் கையால் துடைக்கும்போது கீபோர்டு வழுக்கி ஓடும். அடியில் ரப்பர் பாய்த் துண்டு ஒன்றைப் போட்டால் நிற்கும். டைப் அடிக்கும்போதும் அது உதவும். பொத்தானைக் கழற்றுவதாக இருந்தால் முதலில் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக் கொள்ளுங்கள்.

டீ கொட்டினால் பதற வேண்டாம். உடனே ஒயரைப் பிடுங்கி, கவிழ்த்துப் போடுங்கள். ஒன்றிரண்டு நாள் நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். வெயிலில் போட்டாலோ, அடுப்பில் காட்டினாலோ பிளாஸ்டிக் வளைந்து விடும்.

விசேஷ கீபோர்டு வைத்திருப்பவர் வாரத்தில் ஒரு நாளாவது சாதாரண கீபோர்டிலும் அடித்துப் பழக வேண்டும். ஒன்று படுத்தால் மற்றது நிற்கும்.

கைக்கும் ஓய்வு கொடுக்க வேண்டும். இரண்டு கையின் பாரத்தை ஒன்று சுமக்கிறது. மணிக்கட்டை மடக்காமல் நேராக வைத்து அடியுங்கள். அடிக்கடி நிறுத்தி விரலை உதறுங்கள். மரத்துப் போனாலோ, ராத்திரியில் வலித்தாலோ டாக்டரிடம் காட்டத் தள்ளிப் போடாதீர்கள். இருப்பது ஒரே கை!

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் 4 சதவீதத்துக்குக் குறையாமல் இட ஒதுக்கீடு உண்டு. இதற்கு ஊனம் 40 சதவீதமாவது இருப்பதாகச் சான்று வேண்டும். வேலைக்குச் சேர்ந்தவருக்கு, அளவுக்கு மீறிய சுமையாகாத வரையில், தேவையான வசதியை அரசு அலுவலகமே செய்து தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. ஒத்தக் கை கீபோர்டைக் கேட்பது பிச்சை அல்ல. உரிமை. நெல்லையில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவிகள் பற்றி விசாரிக்கலாம்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த தடவை ஒத்தக் கையோடு ஒரு பையன் வேலை கேட்டு வந்தால், கையைப் பார்த்து அனுப்பி விடாதீர்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வையுங்கள். ஷிப்ட்டை ஐந்து தடவை தட்டிக் காட்டுங்கள்.

மிச்சத்தை அவன் பார்த்துக் கொள்வான்!