இரண்டு நாணயங்களும் ஒரு பட்டாணியும்

பத்தாம் வகுப்பில் மரபியல் பாடம் தொடங்கும் நாளன்று புத்தகத்தைத் திறக்காமலே ஆரம்பிப்பது என் வழக்கமாக இருந்தது. "எல்லாரும் நாக்கை நீட்டுங்க. ரெண்டு ஓரத்தையும் மேலே மடிச்சுக் குழல் மாதிரி சுருட்டுங்க, பார்ப்போம்" என்பேன். வகுப்பு அமளிதுமளிப்படும். சுருட்ட வருவது ஓங்கு பண்பு, வராதது ஒடுங்கு பண்பு என்று கரும்பலகையில் எழுதி, வீட்டில் அப்பா அம்மாவையும் சோதித்துப் பார்த்து வரச் சொல்வேன். நானும் பள்ளியில் அப்படித்தான் படித்தேன்.

ஒரு வருடம், மறுநாள் காலையில் ஒரு பையன் எழுந்து நின்றான். "டீச்சர், எங்கப்பாவுக்கும் சுருட்ட வரல, எங்கம்மாவுக்கும் வரல. எனக்கு மட்டும் வருதே, எப்படி?" இரண்டு ஒடுங்கு பண்புக்காரர்களுக்கு ஓங்கு பண்புள்ள பிள்ளை பிறக்க வழியில்லை என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது: "உன்னைத் தவிட்டுக்கு வாங்கியிருப்பாங்கடா!" வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

தப்பு அவன் நாக்கில் இல்லை, என் பாடத்தில் இருந்தது. நாக்குச் சுருட்டலை மரபுப் பண்பு என்று 1940இல் எழுதியவர் ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டவண்ட். சாதாரண ஆள் இல்லை. குரோமோசோமில் மரபணுக்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்பதற்கான முதல் வரைபடத்தை 1913இல் வெளியிட்டவர். ஆனால் 1952இல் பிலிப் மேட்லாக் என்பவர் ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களைச் சோதித்தார். 33 ஜோடிகளில் 7 ஜோடிகளில் ஒருவருக்குச் சுருட்ட வந்தது, மற்றவருக்கு வரவில்லை. மரபணுக்கள் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும் இருவரிடமே இப்படி என்றால், இது ஒற்றை மரபணு முடிவுசெய்யும் விஷயமாக இருக்க முடியாது. ஸ்டர்ட்டவண்டும் அதை ஒப்புக்கொண்டார். 1965இல் தாம் எழுதிய மரபியல் வரலாற்று நூலில், இன்னமும் இதை உதாரணமாகக் காட்டுகிறார்களே என்று கூச்சத்தோடு குறிப்பிட்டார். கண்டுபிடித்தவரே கைவிட்ட பிறகும் நாங்கள் விடவில்லை. கருவி வேண்டாம், செலவில்லை, சிரிப்பு இலவசம். விட மனம் வருமா?

காதுமடல் கதையும் இதே கதைதான். தொங்கும் மடல் ஓங்கு, ஒட்டிய மடல் ஒடுங்கு என்று இரண்டே வகையாகச் சொல்லித்தருகிறோம். 2017இல் வெளியான பெரிய ஆய்வு, காதுமடலின் அமைப்போடு தொடர்புள்ள 49 இடங்களை நம் மரபுத்தொகுதியில் காட்டியது. வகுப்பில் பத்துப் பிள்ளைகளின் காதைப் பார்த்தாலே போதும், தொங்கலுக்கும் ஒட்டலுக்கும் நடுவில் எத்தனை விதம் என்று தெரிந்துவிடும். பார்க்காமலே சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு கண்ணாடி முன் நிற்கும் பாடத்தை விட்டுவிட்டுப் பட்டாணிக்குத் திரும்பினேன்.

கிரிகோர் மெண்டல் என்றதும் அங்கி அணிந்த துறவி படம்தான் பிள்ளைகளுக்கு நினைவு வரும். அவரும் ஒரு வாத்தியார் என்று சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். ஆசிரியர் தகுதித் தேர்வில் 1850இல் தோற்றவர், 1856இல் மறுபடியும் தேறாதவர். தற்காலிக ஆசிரியராகவே பல வருடம் பாடம் நடத்தினார். (இதைச் சொல்லும்போது என்னோடு பணியாற்றும் சிலர் முகத்தில் வரும் ஆறுதலைப் பார்க்க வேண்டும்.) இடையில் வியன்னாவில் இயற்பியலும் கணக்கும் படித்தார், டாப்ளர் அவருடைய ஆசிரியர்களில் ஒருவர். எண்ணிப் பார்க்கும் புத்தி அங்கே வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். இன்றைய செக் குடியரசின் புர்னோ நகரில், மடத்துத் தோட்டத்தில் எட்டு ஆண்டுகள் பட்டாணி வளர்த்து, ஒவ்வொரு மணியாக எண்ணினார்.

அவர் காலத்தில் பெற்றோரின் தன்மைகள் பாலும் டிகாஷனும் போலக் கலந்துவிடும் என்றே பெரும்பாலோர் நம்பினார்கள். கலந்த காப்பியிலிருந்து பாலைத் திரும்ப எடுக்க முடியாது. மெண்டலின் பட்டாணி வேறு கதை சொன்னது. உருண்டை விதையையும் சுருங்கிய விதையையும் கலந்தால் முதல் தலைமுறையில் எல்லாமே உருண்டை. அவற்றைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டால் காணாமல்போன சுருக்கம் திரும்ப வந்தது: 7,324 விதைகளில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று.

இதைப் புரியவைக்க நான் மயில்கழுத்துப் பட்டைத்தான் எடுத்துக்கொள்வேன். தூரத்திலிருந்து பார்த்தால் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை, கலந்த நிறம். கிட்டே போய்ப் பிரித்தால் பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். எந்த இழையும் தன் சாயத்தை இழக்கவில்லை. "நூலைப் போல சேலை" என்று சொல்லிவைத்த நம் ஆட்கள், சேலைக்கு இரண்டு வகை நூல் வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

ஓங்கு, ஒடுங்கு என்ற சொற்களில்தான் பிள்ளைகள் வழுக்கிவிழுகிறார்கள். ஓங்கியது பலசாலி, ஒடுங்கியது நோஞ்சான், இரண்டும் மல்லுக்கட்டி ஒன்று ஜெயிக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். மெண்டலின் சுருங்கிய பட்டாணிக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பது 1990இல் இங்கிலாந்தின் ஜான் இன்ஸ் ஆய்வு மையத்தில் தெரியவந்தது. அங்கே சண்டை எதுவும் இல்லை. பட்டாணிக்குள் மாவுச்சத்தைக் கிளைகிளையாகக் கட்டும் ஒரு நொதி உண்டு. அந்த நொதிக்கான குறிப்பின், அதாவது மரபணுவின், நடுவே சுமார் 800 எழுத்துகள் வந்து செருகிக்கொண்டன. சமையல் குறிப்பின் நடுவில் யாரோ மளிகைச் சீட்டை ஒட்டிவிட்ட மாதிரி. நொதி உருவாகவில்லை, மாவுச்சத்து குறைகிறது, சர்க்கரை தேங்குகிறது. சர்க்கரை தண்ணீரை இழுப்பதால் மணி ஊதுகிறது. முற்றிக் காயும்போது தண்ணீர் போய்த் தோல் சுருங்குகிறது. உறையவைத்து விற்கும் பச்சைப் பட்டாணி இனிப்பதற்கும் இந்தக் கோளாறே காரணம். அவை பெரும்பாலும் காய்ந்தால் சுருங்கும் ரகங்கள்.

செடியிடம் ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்று கெட்டாலும் மற்றதை வைத்து மணி உருண்டையாகிவிடும் அளவுக்கு நொதி கிடைக்கிறது. ஓங்கு என்பது இங்கே அவ்வளவுதான். ஒரு பிரதி கெட்ட பட்டாணியின் மாவுமணிகளை நுண்ணோக்கியில் பார்த்தால் அவை இரண்டுக்கும் நடுவில் இருக்கும். ஓங்கி நிற்பது கூட எங்கிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

அடுத்து நாணயம். இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து ஆளுக்கொரு ஒரு ரூபாய் கொடுப்பேன். ஒன்று அப்பா, ஒன்று அம்மா. நாணயத்தின் இரண்டு பக்கங்கள், ஒருவரிடம் உள்ள இரண்டு பிரதிகள். தலை என்றால் நல்ல குறிப்பு, பூ என்றால் கெட்ட குறிப்பு. ("பூவா தலையா" எந்தப் பிள்ளைக்கும் விளங்காமல் போனதில்லை.) சுண்டிவிட்டால் ஒரு பக்கம்தான் மேலே விழும், பிள்ளைக்குப் போவதும் ஒரு பிரதிதான். இரண்டு நாணயமும் பூ விழுந்தால் மட்டும் பட்டாணி சுருங்கும். ஒவ்வொரு ஜோடியும் நான்கு முறை சுண்டி நான்கு "பிள்ளைகள்" பெற வேண்டும்.

நான்கில் ஒன்று சுருங்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. அதனால் எல்லா ஜோடிக்கும் சரியாக ஒன்று வரும் என்று எதிர்பார்ப்பார்கள். கணக்குப்படி அப்படி வர 42 சதவீதம்தான் வாய்ப்பு. ஒன்றுகூட வராமல் போக 32 சதவீதம். ஆகவே 20 ஜோடிகளில் பாதிக்கு மேல் "தப்பாக" வரும். முகங்கள் தொங்கும். பிறகு 80 பிள்ளைகளையும் கரும்பலகையில் கூட்டினால் சுருங்கியவை 20க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். மெண்டல் ஏன் ஏழாயிரம் மணிகளை எண்ணினார் என்று நான் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது.

இதே நாணயத்தை வைத்து இன்னொன்றும் காட்டலாம். "ஷோலே" படத்தில் அமிதாப் வைத்திருக்கும் நாணயம் நினைவிருக்கும், இரண்டு பக்கமும் ஒன்றுதான். பிள்ளையின் பாலினத்தைப் பொறுத்தவரை அம்மாவின் நாணயம் அந்த மாதிரி: இரண்டு பக்கமும் எக்ஸ் குரோமோசோம். எக்ஸும் ஒய்யும் உள்ள அப்பாவின் நாணயம் எப்படி விழுகிறதோ அதுதான் முடிவு. மூன்றாவதும் பெண்ணா என்று மருமகளைக் கரித்துக்கொட்டும் வீடுகளுக்கு இந்த ஒரு ரூபாய் போய்ச் சேர வேண்டும்.

நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது என்பதுதான் கற்பிக்கக் கடினமான இடம். முதல் பிள்ளை இரட்டைப் பூவாக விழுந்தால் அடுத்த மூன்றும் தப்பித்துவிடும் என்று பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் நினைக்கிறார்கள். பட்டாணியில் இப்படி நினைத்தால் நஷ்டமில்லை. அரிவாள் செல் நோயில் அப்படி இல்லை. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்த ரத்தப் பண்பு இருப்பதை லேமன், கட்புஷ் இருவரும் 1952இல் பதிவுசெய்தார்கள். ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்து உட்காருகிறது, அவ்வளவுதான் மாற்றம். ஒரு பிரதி மட்டும் மாறியவர்கள் பொதுவாக நலமாகவே இருப்பார்கள். கடும் மலேரியாவிலிருந்து அவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பும் உண்டு. அப்படிப்பட்ட இருவர் மணந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு. அண்ணனுக்கு என்ன விழுந்தது என்பது தங்கைக்குத் தெரியாது.

இந்த இடத்தில் யாராவது ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்பாள்: "சொந்தத்துல கல்யாணம் பண்ணினா நோய் வருமா டீச்சர்?" எங்கள் வகுப்பில் அக்காள் மகளையோ மாமன் மகளையோ கட்டிய வீடுகள் பல. சொந்தம் நோயை உண்டாக்குவதில்லை. ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து வந்த அதே பூ இரண்டு பேரிடமும் ஒளிந்திருக்கும் வாய்ப்பைத்தான் கூட்டுகிறது. மாமன் மகளை மணந்தவரின் பிள்ளைக்கு ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க 16இல் ஒரு பங்கு வாய்ப்பு. அக்காள் மகள் என்றால் 8இல் ஒரு பங்கு. எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன். அவள் அப்பா அம்மாவைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது என் வேலையில்லை.

ஓங்கு பண்புதான் ஊரில் அதிகம் இருக்கும் என்பது இன்னொரு மயக்கம். ஆறு விரல் பல குடும்பங்களில் ஓங்கு பண்பாகவே வருகிறது. ஆறு விரல்காரரை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? ஒடுங்கு பண்பான ஓ வகை ரத்தமோ உலகிலேயே அதிகம். உயரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் 2022இல் வந்த ஆய்வைச் சொல்வேன்: 54 லட்சம் பேரைப் பார்த்து, உயரத்தோடு தொடர்புள்ள 12,111 வேறுபாடுகளைக் கண்டார்கள். ஒற்றை மரபணுக் கணக்குக்குள் அதை அடைக்க முடியாது.

வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவைச் சோதித்து வா என்று இப்போது யாரையும் அனுப்புவதில்லை. வளர்ப்புப் பிள்ளைகள் இருப்பார்கள், சித்தியிடம் வளரும் பிள்ளைகள் இருப்பார்கள்.

போன வருட நாணய வகுப்பில் ஒரு ஜோடிக்கு நான்கு முறையும் இரட்டைப் பூ விழுந்தது. 256இல் ஒரு வாய்ப்பு. "கள்ளாட்டம் டீச்சர்!" என்று சுற்றிலும் கூச்சல். அவர்கள் அவசர அவசரமாக ரப்பரை எடுத்தார்கள். நான் கரும்பலகையில் இரண்டு வரி எழுதினேன்: 43 உருண்டை, 2 சுருங்கியது. 14 உருண்டை, 15 சுருங்கியது. மெண்டல் தோட்டத்தின் இரண்டு தனிச்செடிகள்; தம் கட்டுரையில் அவரே எடுத்துக்காட்டிய எண்கள்.

"அப்ப நாங்க மறுபடி சுண்டலாமா டீச்சர்?"

"சுண்டுங்க. பழசை அழிக்காம அதுக்குக் கீழேயே எழுதுங்க."