காரில் ஹாம் ரேடியோ: பாதுகாப்பாகப் பொருத்துவது எப்படி?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 48 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. வெள்ளம் சூழ்ந்த கிருஷ்ணா நகரில் ராணுவம் இறங்கி மக்களை மீட்டது. இப்படிப்பட்ட நேரத்தில் கரண்டும் போய், டவரும் போயிட்டா, கையில் இருக்கிற ஸ்மார்ட்போன் வெறும் டார்ச் லைட்தான். டவர் இல்லாமலே பேச உதவுவது ஹாம் ரேடியோ. அதைக் காரில் பொருத்தினால் கார் பேட்டரியிலேயே ஓடும். ஆனால் தப்பாகப் பொருத்தினால் காரே தீப்பிடிக்கலாம்.

முதலில் உரிமம்

ரேடியோ கருவியை வைத்திருக்கவே அனுமதி வேண்டும். 12 வயது நிரம்பியவர்கள் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தேர்வை எழுதலாம். விண்ணப்பம் 'சரல் சஞ்சார்' இணையதளத்தில். வாகனத்தில் இயக்க உங்கள் உரிமம் இடம் தருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின் இணைப்பு

50 வாட் செட், பேசும்போது 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். போன் சார்ஜர் போடும் சாக்கெட்டின் மெல்லிய ஒயர் இதற்கு ஏற்றதல்ல. செட்டுடன் வந்த தடித்த ஒயரை பேட்டரியின் பாசிட்டிவில் நேரடியாக இணையுங்கள்.

பியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். செட் பக்கம் மட்டும் பியூஸ் இருந்து, நடுவழியில் ஒயர் உரசி பாடியில் பட்டால், பேட்டரியின் முழு கரண்டும் அந்த ஒயரில் பாயும். அந்த பியூஸ் அதைத் தடுக்காது. இன்ஜின் அறையிலிருந்து ஒயர் உள்ளே வரும் துளையில் ரப்பர் வளையம் அவசியம்.

சில புதிய கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் சென்சார் இருக்கும். அங்கே இணைக்காமல், பாடியில் உள்ள எர்த் போல்ட்டில் இணையுங்கள். மின்சாரக் காரில் ஆரஞ்சு நிற ஒயர்களைத் தொடவே கூடாது. சந்தேகம் இருந்தால் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

எங்கே வைப்பது?

ஏர்பேக் விரியும் பாதையில் செட், மைக், ஒயர் எதுவும் குறுக்கே வரக்கூடாது. ஏர்பேக் விரிந்தால் அவை முகத்தில் வந்து அடிக்கும். கண்ணாடி ஓரத் தூண்களிலும் ஏர்பேக் இருக்கலாம். சீட்டுக்கு அடியில், தரையில் செட்டை வைத்தால் முதலில் நனைவது அதுதான். கொஞ்சம் உயரமாக, திருகு போட்டு இறுக்குங்கள்.

ஆண்டெனா

கூரையின் நடுப்பகுதி நல்ல இடம். 145 மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் அரை மீட்டர் உயரமுள்ள ஆண்டெனா போதும். காந்த அடிப்பகுதி இரும்புக் கூரையில்தான் ஒட்டும். கண்ணாடியிலும் அலுமினியத்திலும் நிற்காது. நம்ம ஊர் கடல் காற்றில் இணைப்புகள் சீக்கிரம் பச்சை பிடிக்கும். தண்ணீர் புகாத டேப் சுற்றுங்கள்.

சோதனையும் ஓட்டமும்

காரை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, முதலில் குறைந்த சக்தியில் பேசிப் பாருங்கள். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ இன்ஜின் திணறினாலோ உடனே நிறுத்திவிட்டு ஒயர் போகும் வழியை மாற்றுங்கள். பெட்ரோல் பங்கில் செட்டை அணைத்துவிடுங்கள். ஓட்டிக்கொண்டே மைக்கைக் கையில் பிடிக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 184, கையில் பிடிக்கும் தொடர்புக் கருவிகளைப் பற்றியும் பேசுகிறது. ஓரமாக நிறுத்திப் பேசுங்கள்.

புயல் எச்சரிக்கை வரட்டும்னு காத்திருக்காதீங்க. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே பியூஸையும் இணைப்புகளையும் பார்த்து, ஒருமுறை பேசிப் பாருங்கள்.