டெப்லெட் கணினியின் உள்ளமைந்த ஒலிவாங்கி

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது வன்னியில் பலர் கைபேசி, டெப்லெட் மூலமே கற்றனர். எனது வகுப்பில் ஒரு மாணவி கேட்ட வினா எனக்குக் கேட்கவேயில்லை. காரணம், டெப்லெட்டின் உறை ஒலிவாங்கித் துளையை மூடியிருந்தது.

துளையைக் கண்டறிதல்:
இது ஊசிமுனை அளவானது; பெரும்பாலும் விளிம்பில் இருக்கும். சிம் தட்டைத் திறக்கும் துளையும் இதைப் போன்றதே. மாறி ஊசியால் குத்தினால் ஒலிவாங்கி பழுதடையக்கூடும்.

பயன்படுத்தல்:
1. உறை, விரல் துளையை மறைக்காதிருக்கச் செய்க.
2. அமைப்புகளில் உரிய செயலிக்கு ஒலிவாங்கி அனுமதி வழங்குக.
3. சில விநாடிகள் பேசிப் பதிவுசெய்து, கேட்டுப் பார்க்க.

தொழிற்பாடு:
ஒலி அலை → மின்சைகை → இலக்கமுறைத் தரவு.

நினைவிற் கொள்க:
ஒலிவாங்கி உள்ளீட்டுச் சாதனம். ஒலிபெருக்கி வெளியீட்டுச் சாதனம். மாற்றி எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள்.